பிரித்தானிய அவசர மருத்துவ ஊர்திப் பணியாளர் பிணக்கு, 1989–1990

பிரித்தானிய அவசர மருத்துவ ஊர்திப் பணியாளர் பிணக்கு என்பது ஐக்கிய இராச்சியத்தின் தேசிய சுகாதாரச் சேவையில் பணியாற்றிய அவசர மருத்துவ ஊர்திப் (ஆம்புலன்சு) பணியாளர்களுக்கும் அந்நாட்டு அரசுக்கும் இடையே 1989 செப்டம்பர் முதல் 1990 மார்ச் வரை நடைபெற்ற தொழிற் பிணக்கு ஆகும். ஊதியம், மிகைநேரப் பணி (ஓவர்டைம்), வாராந்திர வேலைநேரம், விடுப்பு ஆகியவை தொடர்பான கோரிக்கைகளை முன்வைத்து ஐந்து தொழிற்சங்கங்கள் இணைந்து இதனை நடத்தின. பிணக்கு நடந்த காலத்தில் பல நகரங்களில் காவல்துறையினரும் இராணுவத்தினரும் நோயாளிகளை மருத்துவமனைகளுக்குக் கொண்டு சென்றனர்.

இது பொதுவாக "ஆம்புலன்சு வேலைநிறுத்தம்" என்று குறிப்பிடப்பட்டாலும், நாடு தழுவிய முழுமையான வேலைநிறுத்தம் எதுவும் நடைபெறவில்லை. பணியாளர்கள் முதலில் செய்தது, ஒப்பந்தத்தில் உள்ள நேரத்திற்கு மேல் வேலை செய்ய மறுத்தது மட்டுமே. அதுவே நாட்டின் அவசர மருத்துவ ஊர்திச் சேவையைத் தடுமாறச் செய்யப் போதுமானதாக இருந்தது என்பது இப்பிணக்கின் முதன்மையான சிறப்பாகும்.

பின்னணி

சேவையின் அமைப்பு

ஐக்கிய இராச்சியத்தில் 999 என்ற அவசரத் தொலைபேசி எண் 1937ஆம் ஆண்டு முதன்முதலில் இலண்டனில் அறிமுகப்படுத்தப்பட்டது. காவல், தீயணைப்பு, மருத்துவ ஊர்தி ஆகிய மூன்று சேவைகளையும் இவ்வெண் வழியாக அழைக்கலாம். இதனால் மருத்துவ ஊர்திச் சேவை "மூன்றாவது அவசரச் சேவை" என்று அழைக்கப்படுவதுண்டு.

தேசிய சுகாதாரச் சேவை 1948இல் தொடங்கப்பட்டபோது மருத்துவ ஊர்திகளை இயக்கும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளிடமே இருந்தது. 1974ஆம் ஆண்டு நடந்த மறுசீரமைப்பின்போது இப்பொறுப்பு தேசிய சுகாதாரச் சேவைக்கு மாற்றப்பட்டது. ஆனால் காவல், தீயணைப்பு ஆகிய இரண்டும் சுகாதாரச் சேவைக்கு வெளியே தனித்தனியாக நிர்வகிக்கப்பட்டன. மூன்று சேவைகளும் ஒரே விபத்து நடந்த இடத்தில் சந்தித்துக் கொண்டாலும், அவற்றின் பணியாளர்களுக்கு ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட முறை வேறுவேறாக இருந்தது.

மருத்துவ ஊர்திச் சேவையின் பணி இரு வகைப்பட்டது. முதலாவது, விபத்து, மாரடைப்பு போன்ற அவசர அழைப்புகளுக்குச் செல்வது. இரண்டாவது, தாமாகப் பயணம் செய்ய இயலாத முதியோரையும் நோயாளிகளையும் முன்பே குறிக்கப்பட்ட நேரத்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவிடுவது. பயண எண்ணிக்கையில் இரண்டாவது வகையே மிகப் பெரும்பான்மையாக இருந்தது. இந்த விவரம் பின்னர் பிணக்கின் மையமான வாதங்களுள் ஒன்றாக மாறியது.

ஊதிய நிர்ணய முறை

1978ஆம் ஆண்டு எட்மண்ட்-டேவிசு குழுவின் பரிந்துரையின்படி காவல்துறையினரின் ஊதியம் ஆண்டுதோறும் பொதுவான வருமான உயர்வுக்கு ஏற்ப உயரும் வகையில் அமைக்கப்பட்டது. தீயணைப்பு வீரர்கள் 1977 நவம்பர் முதல் 1978 சனவரி வரை வேலைநிறுத்தம் செய்தபின், உடலுழைப்புத் தொழிலாளர்களுள் கூடுதல் வருமானம் பெறும் மேல் கால் பகுதியினரின் வருமானத்துடன் தம் ஊதியத்தை இணைக்கும் வாய்பாடு ஒன்றைப் பெற்றனர். 1983இல் செவிலியர்களுக்குத் தனி ஊதிய மீளாய்வுக் குழு அமைக்கப்பட்டது.

மருத்துவ ஊர்திப் பணியாளர்களுக்கு இவற்றுள் எதுவும் கிடைக்கவில்லை. அவர்களின் ஊதியம் ஒவ்வோர் ஆண்டும் நிர்வாகத் தரப்பும் சங்கத் தரப்பும் அமர்ந்து பேசும் விட்லி மன்றம் என்ற அமைப்பின் வழியாகவே முடிவு செய்யப்பட்டது. 1979 சனவரியில் நடந்த பொதுத்துறைப் போராட்டங்களில் இவர்களும் கலந்து கொண்டனர். அதன்பின் அமைக்கப்பட்ட கிளெக் ஆணையம் பிற தொழில்களுடன் ஒப்பிட்டு இவர்களின் ஊதியத்தை ஆராய்ந்தது. ஆனால் அவ்வாணையம் நீண்ட காலம் நீடிக்கவில்லை. 1986இல் மணிக்கூலி முறை மாற்றப்பட்டு ஆண்டுச் சம்பள முறை நடைமுறைக்கு வந்தது. பிற அவசரச் சேவைகளுக்கு இணையான நிலை தமக்குக் கிடைத்துவிட்டதாகச் சங்கங்கள் அப்போது கருதின. அடுத்த மூன்று ஆண்டுகளில் காவல், தீயணைப்புப் பணியாளர்களின் ஊதியத்திற்கும் தமது ஊதியத்திற்கும் இடைவெளி மீண்டும் வளர்ந்ததாக அவை சுட்டிக்காட்டின.

முறைப்பணியும் மிகைநேரமும்

அவசர மருத்துவ ஊர்தி இருபத்து நான்கு மணி நேரமும், ஆண்டின் எல்லா நாட்களிலும் ஆயத்தமாக இருக்க வேண்டும். எனவே பணியாளர்கள் காலை, மாலை, இரவு என முறை வைத்துப் (ஷிப்டு) பணியாற்றுகின்றனர். இத்தகைய சேவைக்கு எத்தனை பேர் தேவை என்பதை ஓர் எளிய கணக்கின் மூலம் விளங்கிக் கொள்ளலாம்.

ஒரு வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம் உள்ளது. ஒரு பணியாளர் வாரம் 40 மணி நேரம் வேலை செய்வதாகக் கொண்டால், ஊர்தியில் ஓர் இருக்கையை வாரம் முழுவதும் நிரப்ப 4.2 பேர் தேவை. ஓர் ஊர்தியில் இருவர் செல்ல வேண்டும் என்பதால் 8.4 பேர் தேவை. விடுப்பு, நோய், பயிற்சி ஆகியவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கு நேரம் கழியுமெனில், இந்த எண்ணிக்கை 10.5 ஆகிறது. அதாவது, தெருவில் ஒரே ஓர் ஊர்தி எப்போதும் ஆயத்தமாக நிற்க ஏறத்தாழ பதினொரு பேர் வேலையில் இருக்க வேண்டும்.

ஒரு நிலையத்தில் பதினொருவருக்குப் பதிலாக ஒன்பது பேரே இருந்தால், எஞ்சிய நேரத்தை இரு வழிகளில் மட்டுமே நிரப்ப முடியும். ஊர்தியை நிறுத்தி வைக்கலாம். அல்லது இருக்கும் பணியாளர்களைத் தம் ஓய்வு நாட்களிலும் முறை முடிந்த பின்னரும் வேலை செய்யச் சொல்லலாம். 1980களில் பிரித்தானியாவின் பல பகுதிகளில் இரண்டாவது வழியே வழக்கமாக இருந்தது. புதிய பணியாளரை அமர்த்துவதைவிட மிகைநேரப் பணி நிர்வாகத்திற்குச் சிக்கனமாக இருந்தது. குறைந்த அடிப்படைச் சம்பளம் பெற்ற பணியாளர்களுக்கோ குடும்பச் செலவைச் சரிக்கட்ட அது தேவைப்பட்டது. இதனால் பணிப்பட்டியல் ஒவ்வொன்றும் மிகைநேரத்தை நம்பியே வரையப்படும் நிலை உருவானது.

மிகைநேரப் பணி சட்டப்படி பணியாளரின் விருப்பத்தைச் சார்ந்ததாக இருந்தது. அதைச் செய்ய மறுப்பது ஒப்பந்த மீறல் ஆகாது. சங்கங்கள் தம் போராட்டத்தை இந்த இடத்திலிருந்து தொடங்கியதற்கு இதுவே காரணம்.

கோரிக்கைகள்

1989ஆம் ஆண்டுக்கான ஊதியப் பேச்சில் நிர்வாகத் தரப்பு 6.5 விழுக்காடு உயர்வு தர முன்வந்தது. அப்போது நாட்டின் பணவீக்கம் 7 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. எனவே இவ்வுயர்வை ஏற்றால் உண்மை ஊதியம் குறையும் என்று சங்கங்கள் வாதிட்டன. சங்கங்களின் முதன்மைக் கோரிக்கைகள் பின்வருமாறு:

* 11.4 விழுக்காடு ஊதிய உயர்வு
* காவல், தீயணைப்புச் சேவைகளில் உள்ளதைப் போன்று ஆண்டுதோறும் ஊதியத்தைத் தானாக உயர்த்தும் வாய்பாடு
* மிகைநேரப் பணிக்குக் கூடுதல் ஊதிய வீதம்
* வாராந்திர வேலைநேரக் குறைப்பும் கூடுதல் விடுப்பும்

இவற்றுள் ஊதிய வாய்பாட்டுக் கோரிக்கையே சங்கங்களுக்கு மிக இன்றியமையாததாக இருந்தது. வாய்பாடு கிடைத்தால் ஒவ்வோர் ஆண்டும் போராட வேண்டிய தேவை இராது என்பது அவற்றின் கருத்து. அரசு மிக உறுதியாக மறுத்ததும் இக்கோரிக்கையையே.

பங்குகொண்ட தரப்புகள்

நாடு முழுவதும் சுமார் 22,000 பணியாளர்கள் இப்பிணக்கில் தொடர்புடையவர்களாக இருந்தனர். அவர்களைப் பின்வரும் ஐந்து சங்கங்கள் சார்பாண்மை செய்தன:

* தேசியப் பொதுத்துறை ஊழியர் சங்கம் (நியூப்)
* சுகாதாரச் சேவை ஊழியர் கூட்டமைப்பு (கோசி)
* போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கம்
* ஜி.எம்.பி.
* தேசிய, உள்ளாட்சி அலுவலர் சங்கம் (நால்கோ)

நியூப் சங்கத்தைச் சேர்ந்த ரோசர் பூல் ஐந்து சங்கங்களின் சார்பாகவும் தலைமைப் பேச்சாளராக இருந்தார். அமைதியான முறையில் தொலைக்காட்சியில் விளக்கமளித்த அவர் இப்பிணக்கின் மூலம் நாடறிந்தவரானார். அரசின் தரப்பில் சுகாதார அமைச்சர் கென்னத் கிளார்க்கும், சுகாதாரச் சேவையின் தலைமை நிர்வாகி டங்கன் நிக்கோலும் முதன்மைப் பங்கு வகித்தனர். அப்போது மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்தார். எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் சார்பில் ராபின் குக் நாடாளுமன்றத்தில் இப்பிரச்சினையை எழுப்பினார்.

பிணக்கின் போக்கு

மிகைநேரத் தடை

உறுப்பினர்கள் வாக்கெடுப்பில் ஊதிய முன்மொழிவை நிராகரித்ததைத் தொடர்ந்து, 1989 செப்டம்பரில் மிகைநேரப் பணியையும் ஓய்வுநாள் பணியையும் மறுக்கும் நடவடிக்கை தொடங்கியது. பணியாளர்கள் தம் முறை முடிந்ததும் வீடு திரும்பினர். ஓய்வு நாட்களில் அழைப்பை ஏற்கவில்லை. மற்றபடி வழக்கமான பணிகள் அனைத்தையும் செய்தனர்.

இதன் விளைவு உடனே வெளிப்பட்டது. பணிப்பட்டியலில் வெற்றிடங்கள் தோன்றின. முன்குறிக்கப்பட்ட நோயாளர் பயணங்கள் முதலில் பாதிக்கப்பட்டன. பின்னர் அவசர ஊர்திகளும் குறைந்தன. ஒப்பந்த நேரத்தை மட்டும் வேலை செய்தால் இயங்க முடியாத ஒரு சேவை, உண்மையில் ஆள் பற்றாக்குறையில் உள்ளது என்பதற்கு இதுவே சான்று என்று சங்கங்கள் கூறின.

விதிப்படி வேலையும் ஊதிய நிறுத்தமும்

அடுத்த கட்டமாக, அவசரமல்லாத பயணங்களையும் சில நிர்வாக வேலைகளையும் ஏற்க மறுக்கும் "விதிப்படி வேலை" முறை பல பகுதிகளில் பின்பற்றப்பட்டது. இதற்கு எதிர்வினையாக, முழுமையான பணியைச் செய்ய ஒப்பாதவர்களுக்கு ஊதியம் இல்லை என நிர்வாகங்கள் அறிவித்தன. 1989 நவம்பர் தொடக்கத்தில் இலண்டனில் இம்மோதல் உச்சத்தை எட்டியது. பணியாளர்களுக்கு ஊதியம் நிறுத்தப்பட்டது. அவசர அழைப்புகளை அவர்களின் நிலையங்களுக்கு அனுப்புவதும் நிறுத்தப்பட்டது. காவல்துறை ஊர்திகளும் அவற்றைத் தொடர்ந்து இராணுவ மருத்துவ ஊர்திகளும் தலைநகரத் தெருக்களில் இறங்கின. பின்னர் வேறு சில பகுதிகளிலும் இராணுவம் பயன்படுத்தப்பட்டது.

இந்நிலையை எவ்வாறு பெயரிடுவது என்பதிலேயே இரு தரப்பும் மாறுபட்டன. பணியாளர்கள் தாமே தம்மைப் பணியிலிருந்து விலக்கிக் கொண்டனர் என்பது நிர்வாகத்தின் நிலை. இது கதவடைப்பு என்பது சங்கங்களின் நிலை.

ஊதியமில்லாப் பணி

ஊதியம் நிறுத்தப்பட்ட பின்னரும் பல நிலையங்களில் பணியாளர்கள் வெளியேறவில்லை. தம் முறைப்படி நிலையத்திற்கு வந்து அமர்ந்திருந்தனர். கட்டுப்பாட்டு அறை அழைப்புகளை அனுப்பாத நிலையில், நிலையத்தின் தொலைபேசி எண்ணைச் சுற்றுவட்டார மக்களுக்கும் மருத்துவர்களுக்கும் தெரிவித்து, நேரடியாக வந்த அவசர அழைப்புகளுக்கு ஊதியமின்றிச் சென்றனர். இராணுவ ஊர்தி ஒருபுறமும் ஊதியமற்ற பணியாளரின் ஊர்தி மறுபுறமுமாக ஒரே நகரில் இயங்கிய விந்தையான சூழல் இதனால் ஏற்பட்டது.

அவசர அழைப்புகளையும் கைவிட்டு முழு வேலைநிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்ற குரல் சங்க உறுப்பினர்களிடையே இருந்தது. 1990 சனவரியில் சில நிலையங்களில் பணியாளர்கள் அவ்வாறு வெளியேறவும் செய்தனர். ஆனால் தேசியத் தலைமை அதனை ஏற்கவில்லை. உயிரிழப்பு ஏற்பட்டால் பொதுமக்களின் ஆதரவு ஒரே நாளில் கரைந்துவிடும் என்று அது கருதியது. அவசர ஊர்திப் பணியாளரின் பேரம் பேசும் வலிமை வேலையை நிறுத்தக்கூடிய ஆற்றலிலிருந்து வருகிறதா, நிறுத்தாமல் இருப்பதால் வரும் நன்மதிப்பிலிருந்து வருகிறதா என்ற இக்கேள்வி பிணக்கின் இறுதிவரை தீரவில்லை.

அரசின் நிலைப்பாடு

அரசு மூன்று வாதங்களை முன்வைத்தது. முதலாவதாக, சுகாதாரச் சேவையின் பிற பிரிவினர் பலர் அவ்வாண்டின் ஊதிய உடன்பாடுகளை ஏற்றுக்கொண்ட நிலையில், ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக வழங்குவது முறையன்று என்றது. இரண்டாவதாக, தானியங்கி ஊதிய வாய்பாடு பணவீக்கத்தைத் தூண்டும் என்றது. மூன்றாவதாக, சேவையின் பயணங்களுள் அவசரப் பயணங்கள் ஏறத்தாழ பத்தில் ஒன்றே என்பதால் அதனைக் காவல், தீயணைப்புச் சேவைகளுடன் ஒப்பிட முடியாது என்றது. பிணக்கை நடுவர் தீர்ப்புக்கு விட வேண்டும் என்ற சங்கங்களின் கோரிக்கையையும் அது ஏற்கவில்லை.

பணியாளர்களுள் பெரும்பான்மையோர் மேம்பட்ட மருத்துவப் பயிற்சி இல்லாத தொழில்முறை ஓட்டுநர்கள் என்ற பொருள்பட அமைச்சர் கிளார்க் கூறியது கடும் எதிர்ப்பை உண்டாக்கியது. அக்காலத்தில் மேம்பட்ட பயிற்சி பெற்றவர்கள் சிறுபான்மையினரே என்பது உண்மை. ஆயினும், ஊர்தியில் செல்லும் ஒவ்வொருவரும் இரத்தப்போக்கை நிறுத்துதல், இதய இயக்க மீட்பு, மகப்பேறு போன்றவற்றைக் கையாள வேண்டியிருந்தது. பயிற்சிக்குப் போதிய நிதி ஒதுக்காத அரசே பயிற்சியின்மையைக் காரணம் காட்டுகிறது என்று பணியாளர்கள் பதிலளித்தனர். ஊதியம் பற்றிய பிணக்கு, இத்தொழில் போக்குவரத்தைச் சேர்ந்ததா மருத்துவத்தைச் சேர்ந்ததா என்ற விவாதமாக இவ்வாறு விரிந்தது.

மக்கள் ஆதரவு

1980களில் பிரித்தானியாவில் நடந்த பிற தொழிற் பிணக்குகளுடன் ஒப்பிடுகையில் இப்பிணக்கிற்குக் கிடைத்த மக்கள் ஆதரவு மிகப் பெரிது. கருத்துக் கணிப்புகளில் பெரும்பான்மையோர் தொடர்ந்து பணியாளர்களை ஆதரித்தனர். ஊதியம் இழந்தவர்களுக்காகத் தெருக்களில் வாளி ஏந்தி நிதி திரட்டப்பட்டது. நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு 1989 திசம்பரில் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்டது. 1990 சனவரியில் இலண்டன் திரபால்கர் சதுக்கத்தில் பெரும் பேரணி நடைபெற்றது. அதே மாதம் 30ஆம் நாள் நண்பகலில், தொழிற்சங்கப் பேராயத்தின் அழைப்பை ஏற்று, நாடெங்கும் மக்கள் சிறிது நேரம் தம் வேலையை விட்டு வெளியே வந்து ஆதரவு தெரிவித்தனர்.

தீர்வு

1990 பிப்ரவரி 23 அன்று டங்கன் நிக்கோல், ரோசர் பூல் ஆகியோர் தலைமையிலான தரப்புகளிடையே உடன்பாடு எட்டப்பட்டது. இரண்டு ஆண்டுக் காலத்தில் மொத்தம் சுமார் 17 விழுக்காடு ஊதிய உயர்வு வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. மேம்பட்ட பயிற்சி பெற்றவர்களுக்குத் தனிப் படியும், அப்பயிற்சியை விரிவாக்க நிதியும் இதில் இடம்பெற்றன. 1990 மார்ச்சு மாதம் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் உடன்பாட்டை ஏற்றனர்.

காவல், தீயணைப்புச் சேவைகளில் உள்ளதைப் போன்ற ஊதிய வாய்பாடு வழங்கப்படவில்லை. அரசின் ஊதிய வரம்பு உடைக்கப்பட்டது என்று பூல் உடன்பாட்டை வெற்றியாக அறிவித்தார். முதன்மைக் கோரிக்கை கைவிடப்பட்டது என்று உறுப்பினர்களுள் ஒரு பகுதியினர் குறை கூறினர். முன்மொழிவு தொடக்கத்தில் இருந்ததைவிட உயர்ந்தது என்பதும், அடுத்த ஆண்டு மீண்டும் பேரத்தில் அமர வேண்டிய நிலை மாறவில்லை என்பதும் ஆகிய இரண்டும் உண்மையே.

விளைவுகள்

தொழிலின் மாற்றம்

பிணக்கிற்குப் பின்னர் அவசரப் பணியும் முன்குறிக்கப்பட்ட நோயாளர் போக்குவரத்தும் படிப்படியாகத் தனித்தனிப் பிரிவுகளாக்கப்பட்டன. அவசர ஊர்தியில் துணைமருத்துவர் (பாராமெடிக்) ஒருவர் செல்வது 1990களில் பரவலானது. 2000களில் துணைமருத்துவர் என்பது பதிவு பெற்றவர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய, சட்டப் பாதுகாப்புடைய பட்டமாயிற்று. 2021 முதல் இப்பதிவுக்கான கல்வித்தகுதி பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்தப்பட்டது. "ஓட்டுநரா, மருத்துவப் பணியாளரா" என்ற 1990ஆம் ஆண்டின் விவாதம் இவ்வாறு காலப்போக்கில் முடிவுக்கு வந்தது.

சங்கங்களின் அமைப்பும் மாறியது. நியூப், கோசி, நால்கோ ஆகிய மூன்றும் 1993இல் இணைந்து யூனிசன் என்ற சங்கமாயின. போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கம் 2007இல் வேறொரு சங்கத்துடன் இணைந்து யுனைட் ஆயிற்று.

இலண்டன் கணினி அமைப்பின் தோல்வி

பிணக்கு விட்டுச்சென்ற அவநம்பிக்கையின் விளைவுகளுள் ஒன்று எதிர்பாராத துறையில் வெளிப்பட்டது. நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 அழைப்புகளைப் பெற்றுவந்த இலண்டன் மருத்துவ ஊர்திச் சேவை, 1992 அக்டோபர் 26 அன்று கணினிவழி ஊர்தி அனுப்பும் அமைப்பு ஒன்றை முழுமையாக நடைமுறைப்படுத்தியது. அழைப்பு வந்ததும் அருகிலுள்ள ஊர்தியைக் கணினியே தெரிவு செய்து அனுப்ப வேண்டும் என்பது திட்டம். ஊர்திகளின் இருப்பிடமும் நிலையும் கணினியில் தவறாகப் பதிவானதால், ஒரே இடத்திற்கு இரு ஊர்திகள் செல்வதும் வேறிடத்திற்கு எதுவும் செல்லாததும் நிகழ்ந்தன. மறுநாளே பகுதியளவு கைமுறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நவம்பர் 4 அன்று, நிரலர் ஒருவர் நீக்காமல் விட்ட நிரல் துண்டு வழங்கியின் நினைவகத்தைச் சிறிது சிறிதாக நிரப்பியதால் அமைப்பு முற்றிலும் நின்றது.

1993 பிப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை மென்பொருட் குறைகளோடு நிற்கவில்லை. 1989–1990 பிணக்கைப் பின்னணியாகக் குறிப்பிட்டு, நிர்வாகத்திற்கும் பணியாளருக்கும் இடையே நிலவிய நம்பிக்கையின்மையையும் அது சுட்டியது. புதிய அமைப்பைத் தம்முடையதாகப் பணியாளர்கள் கருதவில்லை. போதிய பயிற்சியும் கலந்தாலோசனையும் இன்றி அவர்கள்மீது அது சுமத்தப்பட்டது. மென்பொருள் பொறியியல் பாடநூல்களில் இன்றும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் இத்தோல்வி, கணினியால் மட்டும் நேர்ந்ததன்று என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

சட்ட நிலை

ஐக்கிய இராச்சியத்தில் காவல்துறையினர் தொழிற்சங்கத்தில் சேர்வதற்கு 1919ஆம் ஆண்டிலிருந்தே தடை உள்ளது. மருத்துவ ஊர்திப் பணியாளர்களுக்கு அத்தகைய தடை இல்லை. உரிய வாக்கெடுப்பிற்குப் பின் அவர்கள் வேலைநிறுத்தம் செய்யலாம். எனினும், மனித உயிருக்கு ஆபத்து நேரும் என்று அறிந்தே பணி ஒப்பந்தத்தை மீறுவது குற்றமாகும். 1875ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இவ்விதி 1992ஆம் ஆண்டின் தொழிற்சங்க, தொழிலுறவுச் சட்டத்திலும் இடம்பெற்றது. இதனால் அவசர ஊர்திச் சங்கங்கள் போராட்டத்தின்போது உயிராபத்தான அழைப்புகளுக்கு விலக்கு அளிப்பது வழக்கம்.

வேலைநிறுத்தத்தின்போதும் குறைந்த அளவுச் சேவையைக் கட்டாயமாக்க வழிசெய்யும் சட்டம் ஒன்று 2023இல் இயற்றப்பட்டது. அதனை 2025ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் நீக்கியது.

பிற்காலப் பிணக்குகள்

1998இல் நடைமுறைக்கு வந்த வேலைநேர ஒழுங்குவிதிகள், சராசரியாக வாரத்திற்கு 48 மணி நேர உச்சவரம்பையும், ஆறு மணி நேரத்திற்கு மேற்பட்ட பணிக்கு 20 நிமிட இடைவேளையையும் வகுத்தன. 2004இல் தொடங்கிய புதிய ஊதியக் கட்டமைப்பின் கீழ், மருத்துவ ஊர்திப் பணியாளர்களின் வாராந்திர வேலைநேரம் 37.5 மணி ஆனது. ஆனால் தாளில் குறைந்த நேரம் தெருவிலும் குறைந்ததாகாது. முறை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது வரும் அழைப்பை ஏற்றே ஆக வேண்டும். உணவு இடைவேளையில் இருக்கும் குழுவை அவசர அழைப்புக்காக எழுப்பலாமா என்பதும் பல ஆண்டுகள் பிணக்கிற்குரிய பொருளாக இருந்தது.

2020களில் புதியதொரு சிக்கல் முன்னுக்கு வந்தது. மருத்துவமனைகளில் படுக்கைகள் நிரம்பியதால், கொண்டுவந்த நோயாளியை ஒப்படைக்க முடியாமல் ஊர்திகள் வாயிலில் மணிக்கணக்கில் காத்து நின்றன. அங்கேயே முறை முடிந்து மிகைநேரமும் தொடங்கிவிடும். ஊதியத்துடன் இந்நிலையையும் எதிர்த்து 2022 திசம்பர் 21 அன்று ஜி.எம்.பி., யூனிசன், யுனைட் சங்கங்கள் இங்கிலாந்திலும் வேல்சிலும் வேலைநிறுத்தம் செய்தன. மிகக் கடுமையான உயிராபத்து அழைப்புகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இராணுவத்தினர் மீண்டும் ஊர்திகளை ஓட்டினர். 2023இன் முதல் மாதங்களிலும் போராட்டம் தொடர்ந்தது. இங்கிலாந்தில் 5 விழுக்காடு உயர்வும் ஒருமுறைத் தொகையும் அடங்கிய உடன்பாடு 2023 மே மாதத்தில் பெரும்பான்மைச் சங்கங்களின் ஒப்புதலுடன் ஏற்கப்பட்டது. யுனைட் அதனை ஏற்கவில்லை.

1989இல் மிகைநேரத்தை மறுத்ததும் சேவை தடுமாறியது. 2022இல் பணியாளர்கள் முன்வைத்த முறையீடுகளுள் ஒன்று, முறை முடிந்தும் வீடு திரும்ப முடியவில்லை என்பதாகும். ஓர் ஊர்திக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு இரு பிணக்குகளுக்கும் பொதுவானதாகவே உள்ளது.